இருபத்துநான்கு மில்லிகிராம்

1. நான் சொன்ன இரண்டாவது வாக்கியம்

முப்பத்தொரு வருடம் கல்லை எடை போட்டிருக்கிறேன். அதில் ஒரே ஒரு முறைதான் ஒரு மனிதரின் பிழைப்பில் கைவைத்தேன். எண் தப்பாக வந்திருந்தால்கூட மனதைத் தேற்றிக்கொள்ளலாம். அன்றைக்கு எண் சரியாகத்தான் வந்தது. இப்போது அந்த மேசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் ஆய்வகம் காரைக்குடியிலிருந்து மானகிரி போகும் ரோட்டில் இருந்தது. இரண்டு அறை, ஒரு ஷெட், நான்கு பேர். முக்கால்வாசி வேலை கிராஃபைட். சிவகங்கைப் பக்கமிருந்து சாம்பிள் மூட்டை வரும். உடைத்து, காயவைத்து, அடர்த்தி பார்த்து ரிப்போர்ட் கொடுப்போம். சுத்தக் கிராஃபைட்டுக்கு அடர்த்தி 2.2 சுமார். கூடவே வரும் வெள்ளைக்கல் குவார்ட்ஸுக்கு 2.65. எண் கீழே இறங்க இறங்க மூட்டை அனுப்பியவருக்குச் சந்தோஷம்.

அடர்த்தி பார்க்கும் முறை பள்ளிக்கூடக் கணக்குதான். கல்லைக் காற்றில் எடை போட வேண்டும். பிறகு மெல்லிய கம்பியில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை போட வேண்டும். தண்ணீருக்குள் எடை குறையும். காற்றில் இருந்த எடையை அந்தக் குறைவால் வகுத்து, அன்றைய சூட்டில் தண்ணீரின் அடர்த்தி எவ்வளவோ அதால் பெருக்கினால் முடிந்தது. எங்கள் ஊர்ச் சூட்டுக்கு 0.996 போடுவோம். இந்த வேலைக்கு மூன்று எதிரிகள்: கல்லில் ஒட்டும் காற்றுக் குமிழி, தலைக்கு மேல் ஓடும் ஃபேன், அவசரம். குமிழிக்காகத் தண்ணீரை முதல் நாளே கொதிக்கவைத்து ஆறவைத்து மூடி வைப்பேன். ஒரு சொட்டு சோப்பும் விடுவேன். ஃபேனை நிறுத்திவிடுவேன். மூன்றாவது எதிரியைப் பற்றித்தான் இந்தக் கதை.

என்னுடன் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவர் ஜுலைகா பேகம். என்னைவிட வயதில் சின்னவர், வேலையில் சின்னவர் அல்ல. அவர் எழுதும் ஏழு ஒன்று மாதிரி இருக்கும். அதை நான் நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். அவர் நூறு தடவையும் "சரி சார்" என்று சொல்லிவிட்டு அதே மாதிரிதான் எழுதுவார். இந்தக் கதையில் சரியாக நடந்தது பெரும்பாலும் அவரால் நடந்தது என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

நான் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தபோது, ஒரு திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு ஒருவர் காரில் வந்து இறங்கினார். பெயர் லெட்சுமணன், பள்ளத்தூர்க்காரர், சிங்கப்பூரில் வேலை. தீப்பெட்டி அளவு டப்பாவைத் திறந்தார். பஞ்சில் ஒரு சிவப்புக்கல். மாதுளை முத்தைவிடக் கொஞ்சம் பெரியது.

"எங்க ஆத்தாவோட பதக்கத்துக் கல்லு சார். அவுக கல்யாணத்துக்கு எங்க ஐயா பர்மாவுலேருந்து வந்தப்பக் கொண்டாந்து போட்டது" என்றார். ஐயா என்று அவர் சொன்னது அம்மாவின் அப்பாவை. "போன மாசம் வளையம் விட்டுப்போச்சுன்னு பத்தர்கிட்டக் குடுத்தோம். திரும்பி வந்ததும் மெட்ராஸ்ல ஒரு கடையில காட்டுனேன். கல்லைக் கழட்டிச் சுத்தம் பண்ணிப் பாத்துட்டு ரூபி இல்லைங்கிறாங்க. நீங்க பாத்துச் சொல்லுங்க."

பத்தர் என்றால் எங்கள் பக்கத்தில் நகை செய்கிறவர். அவர் சொன்ன பத்தரின் பெயர் ஆறுமுகம், காரைக்குடியில் முப்பது வருடமாகக் கடை வைத்திருப்பவர்.

ஃபேனை நிறுத்தினேன். காற்றில் 0.836 கிராம். தண்ணீரில் 0.604. குறைவு 0.232. அடர்த்தி 3.59. ஏழு தடவை எடுத்தேன். இவ்வளவு சின்னக் கல்லுக்கு இரண்டாவது தசமம் ஆடும், 3.56க்குக் கீழே போகவில்லை, 3.61க்கு மேலே வரவில்லை. மாணிக்கத்துக்கு 4.00 வர வேண்டும். மாணிக்கமாக இருந்தால் இந்த எடைக்குத் தண்ணீரில் 0.208தான் குறைந்திருக்கும். வித்தியாசம் இருபத்துநான்கு மில்லிகிராம், ஏறத்தாழ ஓர் அரிசி மணியின் எடை.

"மாணிக்கம் இல்லை" என்றேன். இது முதல் வாக்கியம். சரியான வாக்கியம்.

லெட்சுமணன் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். அவர் அம்மாவின் கல்யாணத்தில் பெண் வீட்டார் கொடுத்த சாமான் பட்டியல். இந்த ஊர்க்காரர்களுக்கு அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கரண்டி எத்தனை, எவர்சில்வர் வாளி எத்தனை, தலையணை எத்தனை என்று ஒன்றுவிடாமல் எழுதியிருக்கும். பல வருடம் கழித்துச் சண்டை வந்தாலும் அந்த நோட்டுத்தான் தீர்ப்பு. அதில் ஊதா மையில் 'பர்மா மாணிக்கப் பதக்கம் ஒன்று' என்று இருந்தது. எனக்கு இப்படி வரிசை போட்டு எழுதியதைப் பார்த்தால் மறு பேச்சு வராது. எண்ணி எழுதியவன் பொய் எழுதமாட்டான் என்று ஒரு நம்பிக்கை.

நோட்டில் மாணிக்கம். தராசில் மாணிக்கம் இல்லை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டு இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னேன்.

"அப்ப இடையில யாரோ மாத்தியிருக்காங்க."

லெட்சுமணன் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். ஜுலைகா ரிப்போர்ட்டின் நகலை ஃபைலில் வைத்துக்கொண்டே சொன்னார்: "சார், எழுதுனது ஒரு விஷயம். சொன்னது ரெண்டு விஷயம்."

"தெரிஞ்சதைத்தானேம்மா சொன்னேன்."

"தெரிஞ்சது ஒன்னுதான் சார்" என்று சொல்லிவிட்டு கிராஃபைட் மூட்டையைப் பிரிக்கப் போய்விட்டார்.

2. பத்தர் கேட்ட கேள்வி

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை, ஒன்பதாவது நாள், ஒரு ஆட்டோவில் இரண்டு பேர் வந்தார்கள். முன்னால் கைத்தறிச் சேலை கட்டிய ஒரு பெரியம்மா, எழுபது தாண்டியிருக்கும். பின்னால் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்ட ஒரு மனிதர், என் வயதுதான்.

"நான் லெட்சுமணனோட ஆத்தா, வள்ளியம்மை. இவுகதான் நம்ம பத்தர்" என்றார் அந்த அம்மா. வாதியும் பிரதிவாதியும் ஒரே ஆட்டோவில் வந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆறுமுகம் பத்தர் உட்காரவில்லை. என் மேசைக்கு முன் நின்று, "சார், ஒன்னே ஒன்னு கேக்கணும்" என்றார்.

"கேளுங்க."

"நான் கல்லை மாத்துனதை நீங்க பாத்தீகளா?"

நான் ஃபைலை எடுத்துப் பிரித்தேன். பத்தர் தொடர்ந்தார்.

"கல்லு என்னான்னு நீங்க சொன்னீக, அது ஒங்க படிப்பு. அதுல நான் வாய வைக்கல. மாத்தியிருக்காகன்னும் சொல்லியிருக்கீக. ஆய்வகத்துலயே சொல்லிட்டாகன்னு ஊரெல்லாம் பேச்சாகிப்போச்சு சார். ஒன்பது நாள்ல நாலு வீட்டுக்காரவுக செய்யக் குடுத்த நகையைப் பாதியிலயே திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாக. ஒருத்தவுக தாலிச் சங்கிலி. பத்தவைக்காமலே வாங்கிட்டுப் போனாக. பாதியில வாங்கிட்டுப் போறதுன்னா எங்க தொழில்ல என்ன அர்த்தம்னு தெரியுமா சார்? வயித்துல அடிச்சாக்கூடத் தாங்கலாம்."

நான் நாலு வீடு என்பதை மனதுக்குள் இரண்டு முறை எண்ணினேன். வள்ளியம்மை ஆச்சி என்னைப் பார்த்தார். "தம்பி, எனக்கு ரெண்டு பக்கமும் இடி. மகன் பொய் சொல்லமாட்டான். இவுக முப்பது வருசமா நம்ம வீட்டுக்குச் செய்யிறாக, ஒரு குண்டுமணி குறைஞ்சதில்ல. அந்தக் கல்லுக்கு வாயிருந்தா அதைக் கேட்டுருப்பேன். இல்லாததுனால ஒங்ககிட்ட வந்திருக்கேன். அது எப்ப மாறுச்சுன்னு ஒங்க தராசுல பாத்துச் சொல்லுங்க."

அடர்த்தியில் தேதி தெரியாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. முந்தின திங்கட்கிழமையே சொல்லியிருக்க வேண்டியது. "ஆச்சி, தராசு அதைச் சொல்லாது. நான் சொன்னது..." என்று நிறுத்தினேன்.

அப்போதுதான் உள்ளறையிலிருந்து ஜுலைகா வந்தார். கை கரியாக இருந்தது. துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஆச்சி, நீங்க எத்தனை பொண்ணு பொறந்தீக?"

"ரெண்டு. எனக்கு இளையவ சாலா. கண்டனூர்ல குடுத்திருக்கு. ஏன்?"

"அவுக கல்யாணத்துக்கு என்ன போட்டாக?"

ஆச்சியின் முகம் மாறியது. "எனக்குப் போட்டதெல்லாம் அவளுக்கும். அப்பச்சி ஒரு கரண்டி கூட்டிக் குறைச்சதில்ல. பதக்கமும் ரெண்டு. கல்லு ஒரே ஆள்கிட்ட ஒரே நாள்ல வாங்குனதும்பாக." அப்பச்சி என்று அவர் சொன்னது தன் அப்பாவை.

"அந்தப் பதக்கம் இந்தப் பத்தர்கிட்ட எப்பவாச்சும் வந்திருக்கா?"

"என் கடைக்கு வந்ததேயில்லம்மா. கண்ணால கண்டதில்ல" என்றார் பத்தர்.

"அவ அதை வெளிய குடுக்கவே மாட்டா. போடவும் மாட்டா. பீரோவுக்குள்ளயே கெடக்கும்" என்றார் ஆச்சி.

எங்கள் பக்கத்தில் மகள்களுக்குச் சமமாகச் செய்வது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். எனக்கும் தெரியும். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வரியைப் படித்த எனக்கு, இதே பட்டியல் இன்னொன்று இருக்கும் என்று தோன்றவில்லை. ஜுலைகாவுக்குத் தோன்றியது. ஒப்பிட இரண்டாவது சாம்பிள் இல்லாமல் முடிவு சொல்லாதே என்பது கிராஃபைட் மூட்டைக்கு நாங்கள் தினமும் கடைப்பிடித்த விதி. அதை அவர் நகைக்கும் போட்டார், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று எழுதுவது இப்போது சுலபமாக இருக்கிறது.

ஆச்சி கிளம்பும்போது வாசலில் நின்று மெதுவாகக் கேட்டார். "அவ கல்லு மாணிக்கமா இருந்தா பத்தர் திருடன். அவளுதும் இப்பிடியே இருந்தா எங்க அப்பச்சி ஏமாந்தவுக. அப்பிடித்தானே?"

நான் பதில் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் அதுவாவது கற்றிருந்தேன்.

3. ஆறு பேர், ஐந்து நாற்காலி

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு எல்லாரும் வந்தார்கள். இரண்டு ஆச்சிகள், லெட்சுமணன், பத்தர், நாங்கள் இருவர். ஆய்வகத்தில் நாற்காலி ஐந்துதான். பத்தர் தானாகவே சுவரோரம் போய் நின்றார். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

சாலா ஆச்சி அக்காவைவிட ஐந்து வயது இளையவர், பேச்சு ஐந்து மடங்கு. உட்கார்ந்ததுமே, "என்ன ஆச்சி, ஒன் கல்லு போலின்னு ஆனதும் என் கல்லையும் இழுத்துட்டு வந்துட்டியா?" என்றார். கூடப்பிறந்த அக்காவையும் அவர்கள் ஆச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"வேணாம்னா எடுத்துட்டுப் போடி."

"வேணாம்னா கண்டனூர்லேருந்து பஸ் ஏறி வருவேனா? அப்பச்சி குடுத்தது. அது என்ன கல்லா இருந்தாலும் அப்பச்சி குடுத்ததுதான். ஆனா அதை வச்சு ஒரு மனுசன் பேரு கெடக்கூடாது."

பதக்கத்தில் கல்லுக்குக் கீழே அரக்கு வைத்து, பின்பக்கம் தங்கத் தகட்டால் மூடியிருந்தது. கல்லை வெளியே எடுத்தால்தான் எடை போட முடியும். "யார் எடுப்பது?" என்றேன்.

"இவுகளே எடுக்கட்டும்" என்று சாலா ஆச்சி பத்தரைக் காட்டினார்.

லெட்சுமணன் எழுந்தார். "சின்னாத்தா, அதெப்படி? அவுக கையிலயே குடுத்தா..."

"நாம அஞ்சு பேரு, பத்துக் கண்ணு இருக்குல்ல? ஒன் முன்னாடி எடுக்குற கல்லை எங்குட்டுக் கொண்டுபோய் மாத்துவாக? சட்டைக் கை அரைக்கையிதான், பாத்துக்க."

பத்தர் என் மேசையில், வெள்ளைத் தாளின் மேல், இருபது நிமிடத்தில் அந்தக் கல்லை எடுத்தார். நகையில் ஒரு கீறல் விழவில்லை. தன் பெயர் போய்விட்ட மேசையில் குனிந்து நின்று, கை ஆடாமல் ஒருவர் வேலை செய்ததை அன்றுதான் பார்த்தேன். எடுத்த கல்லைத் தொடாமல் தாளோடு ஜுலைகாவிடம் நகர்த்திவிட்டு, மறுபடி சுவரோரம் போய் நின்றார்.

ஃபேனை நிறுத்தினேன். ஆச்சிகள் முந்தானையால் விசிறிக்கொண்டார்கள். அதையும் வேண்டாம் என்றேன். "வேர்த்துச் சாகவா?" என்றார் சாலா ஆச்சி. ஆனால் நிறுத்தினார்.

காற்றில் 0.810. தண்ணீரில் 0.576. குறைவு 0.234. ஜுலைகா கணக்குப் போட்டார், நான் போட்டேன். இருவருக்கும் 3.45.

முதல் கல் 3.59. இது 3.45. மாணிக்கமும் இல்லை, முதல் கல்லின் ஜோடியும் இல்லை. மறுபடி போட்டோம், அதே எண். குமிழி இல்லை, நான் லென்ஸில் பார்த்தேன். லெட்சுமணன் என் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்து, "அப்ப ரெண்டும் வேற வேறயா சார்?" என்றார். போன வாரத்து நானாக இருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பேன். சுவரோரம் நின்ற மனிதருக்கு அதோடு முடிந்திருக்கும்.

"இன்னும் முடியல" என்றேன். ஆனால் என்ன முடியவில்லை என்று எனக்குத் தெரியாது.

பத்தர்தான் ஜுலைகாவைப் பார்த்துப் பேசினார். "அம்மா, கல்லுக்கு அடியில பாத்தீகளா? அரக்கும் செவப்பு, கல்லும் செவப்பு. ஒட்டியிருந்தா கண்ணுக்குத் தெரியாது. மெட்ராஸ்ல அந்தக் கல்லை அவுக சுத்தம் பண்ணியிருப்பாக. இது இப்பத்தானே கழட்டுனது. ஸ்பிரிட்டுல போட்டு வைங்க."

அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். அடர்த்தி ஒன்றுக்குச் சற்று மேலேதான். கனமான கல்லில் அது கொஞ்சம் ஒட்டினாலும் எண்ணைக் கீழே இழுத்துவிடும். ஆய்வகத்தில் எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதை, எதிர்க்கட்சி என்று நிற்கவைத்த ஆள் சொன்னார். தனக்குச் சாதகமாக எண் வருமா பாதகமாக வருமா என்று அவருக்கும் அந்த நேரம் தெரியாது. அரக்கு போனதும் 4.00 வந்திருந்தால் அவர் கதை அங்கேயே முடிந்திருக்கும். அது தெரிந்தேதான் சொன்னார்.

ஒரு மணி நேரம் ஊறவைத்தோம். ஸ்பிரிட் இளஞ்சிவப்பாக மாறியது. ஜுலைகா எல்லாருக்கும் டீ வரவழைத்தார். ஆறு டீ. பத்தர் தன்னுடையதைக் குடிக்கவில்லை, ஆடை கட்டிப்போயிற்று.

கல்லைத் துடைத்து, காயவைத்து, மறுபடி போட்டோம். காற்றில் 0.794. பதினாறு மில்லிகிராம் அரக்கு போயிருந்தது. தண்ணீரில் 0.574. குறைவு 0.220.

ஜுலைகா பென்சிலையும் தாளையும் லெட்சுமணனிடம் கொடுத்தார். "நீங்களே வகுத்துப் பெருக்கிப் பாருங்க சார்."

அவர் ஃபோனில் கணக்குப் போட்டார். ஒரு தடவை போட்டுவிட்டு அழித்து மறுபடி போட்டார். பிறகு வாய்விட்டுப் படித்தார். "மூணு புள்ளி அஞ்சு ஒம்பது."

ஏழு தடவை எடுத்தோம். கம்பியை மாற்றி எடுத்தோம். சராசரி அசையவில்லை. இரண்டு கல்லையும் பக்கத்தில் வைத்து லென்ஸில் பார்த்தோம். ஒரே நிறம், ஒரே பட்டை. அந்தக் கல்லின் பெயர் ஸ்பைனல் என்று சொன்னேன். பர்மாவில் மாணிக்கம் கிடைக்கும் அதே சரளை மண்ணில் கிடைப்பது. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாமல், உலகம் முழுவதும் பெரிய மனிதர்கள் அதை மாணிக்கம் என்றே பல காலம் போட்டிருந்தார்கள். போலி அல்ல, பூமியில் விளைந்த கல்தான். பீரோவுக்குள்ளேயே கிடந்த கல்லும் பத்தர் கைக்குப் போன கல்லும் ஒரே வகையாக இருக்கின்றன. எனவே மாற்றியதாகச் சொல்ல எந்தக் காரணமும் இல்லை. நான் சொன்னது தப்பு. இதை நான்கு பேர் முன்னிலையில், பத்தர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

வள்ளியம்மை ஆச்சி இரண்டு கல்லையும் பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்ப அப்பச்சிதான் ஏமாந்தாகளா?"

ஜுலைகா சொன்னார்: "அந்தக் காலத்துல இதை யாரு எடை போட்டுப் பாத்தா ஆச்சி? வித்தவனுக்கே தெரிஞ்சிருக்காது. ஒன்னு மட்டும் நல்லாத் தெரியுது. ரெண்டு பொண்ணுக்கும் ஒரே கல்லைத்தான் போட்டிருக்காக. தராசுல வச்சுப் பாத்தாச்சு."

"ஒரே கல்லா?" என்றார் சாலா ஆச்சி. "ஒன்னு எம்புட்டு எடை, இன்னொன்னு எம்புட்டு?"

யாராவது எண் கேட்டால் நான் சொல்லிவிடுவேன். "அக்காவுது நாற்பத்திரண்டு மில்லிகிராம் கூட."

"பாத்தியா! எனக்கு அப்பவே தெரியும். அப்பச்சிக்கு ஒன் மேலதான் பிரியம்."

வள்ளியம்மை ஆச்சி சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அந்தச் சத்தத்தில் லெட்சுமணன் எழுந்ததை நான் கவனிக்கவில்லை. அவர் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சுவரோரம் பத்தர் பக்கத்தில் வைத்திருந்தார்.

"உக்காருங்க பத்தரே."

"இருக்கட்டும் தம்பி."

"உக்காருங்க. நான் சொன்ன எடத்துக்கெல்லாம் நானே போய்ச் சொல்லிட்டு வாரேன்."

பத்தர் உட்கார்ந்தார். ரிப்போர்ட்டின் ஒரு நகலை நீட்டினேன். வாங்கவில்லை. "எனக்கு எதுக்கு சார் இது? நான் மாத்தலைன்னு எனக்குத்தான் மொதல்லயே தெரியுமே" என்றார். பிறகு ஆடை கட்டிய டீயை எடுத்துக் குடித்தார்.

4. நாலாவது வீடு

இரண்டு பதக்கத்திலும் கல்லை மறுபடி பதித்தவர் ஆறுமுகம் பத்தர்தான். லெட்சுமணன் சொன்னபடி அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போனார். சிங்கப்பூர் திரும்பும் டிக்கெட்டை நாலு நாள் தள்ளிப்போட்டுவிட்டுப் போனார் என்று ஜுலைகா சொன்னார். மூன்று வீட்டுக்காரர்கள் நகையைத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

நாலாவது வீடு, அந்தத் தாலிச் சங்கிலிக்காரர்கள், வரவில்லை. நான் இரண்டு முறை போனேன். முதல் முறை வீடு பூட்டியிருந்தது. இரண்டாவது முறை பெரியவர் உட்காரவைத்து மோர் கொடுத்தார். நான் கல் இரண்டு, எண் இரண்டு, அரக்கு பதினாறு மில்லிகிராம் என்று வரிசையாக எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒன்றுதான் சொன்னார்.

"நீங்கதானே மொதல்ல மாத்தியிருக்காகன்னு சொன்னீக?"

3.45 தப்பாக வந்தது. ஸ்பிரிட்டில் போட்டோம், 3.59 ஆயிற்று. அந்த வீட்டில் நான் சொன்ன வாக்கியத்தைக் கரைக்க எதுவும் இல்லை. பத்தரிடம் போய் இதைச் சொன்னபோது, "விடுங்க சார், மூணு வந்துருச்சுல்ல" என்றார். அவரால் அப்படி எண்ண முடிந்தது. எனக்கு இன்றுவரை நாலில் ஒன்று குறைகிறது.

எங்கள் ரிப்போர்ட்டில் எண்ணுக்குக் கீழே 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. அதன் பிறகு எனக்கு மிச்சமிருந்த இரண்டு வருடத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பும் முன் தாளை ஜுலைகாவிடம் கொடுத்துவிடுவேன். அவர் படித்துவிட்டு, பெரும்பாலும், என் வாக்கியம் ஒன்றை அடித்துவிட்டுத் திருப்பித் தருவார். அவருடைய ஏழு கடைசிவரை ஒன்று மாதிரியேதான் இருந்தது. நான் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டேன்.